பிஸ்தாவை உடைத்துவிட்டுக் காயைத் தொடுங்கள்

பலகையோரம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேக்கமன் பற்றியவை. சதுரங்கக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழ் முழுக்க உங்களுக்குத்தான். பேக்கமன் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆளுக்கு 15 காய், பலகையில் 24 வீடு, இரண்டு பகடை. இருவரும் எதிரெதிர்த் திசையில் ஓடி, தங்கள் கடைசி ஆறு வீட்டுக்குள் எல்லாக் காயையும் சேர்த்து, பிறகு வெளியே எடுக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு காய் நின்றால் அது கட்டிய வீடு. எதிரி அதில் இறங்க முடியாது. ஒற்றைக் காய் நின்றால் வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் நடுப்பட்டையில் ஏறி, எதிரியின் கடைசி ஆறு வீடு வழியாகத்தான் மறுபடி உள்ளே வர வேண்டும். வீட்டு எண்களை அவரவர் பக்கத்திலிருந்து எண்ணுகிறேன். காய் போய்ச் சேரும் மூலை 1, மிகத் தொலைவில் கிளம்பும் இடம் 24. தொடக்கத்தில் ஆளுக்கு 24, 13, 8, 6 ஆகிய நாலு வீடுகளில் காய் நிற்கும். இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நாலு தடவை ஆடலாம்.

கேள்வி: மேடம், நான் ஷார்ஜாவில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். இரவில் சிரியா, துருக்கி நண்பர்களோடு ஆடுவது வழக்கம். 'ஷேஷ் பேஷ்' என்று அவர்கள் கூவி முடிப்பதற்குள் ஆறும் ஐந்தும் ஆடி முடிந்திருக்கும். நான் ரொம்ப யோசித்து ஆடியும் தோற்கிறேன். இது வெறும் அதிர்ஷ்டம்தானா?
– ஒரு வாசகர், ஷார்ஜா

பதில்: முதலில் அதிர்ஷ்டத்தைப் பேசி முடித்துவிடுவோம். 1979-இல் மான்டி கார்லோவில், ஹான்ஸ் பெர்லினர் எழுதிய பி.கே.ஜி. 9.8 என்ற கணினி நிரல், அப்போதைய உலகச் சாம்பியன் லூயிஜி வில்லாவை 7–1 என்று வென்றது. அப்புறம் பெர்லினரே உட்கார்ந்து ஆட்டங்களை ஆராய்ந்து, வில்லாதான் நன்றாக ஆடியிருக்கிறார், பகடை நிரலின் பக்கம் விழுந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். உலகச் சாம்பியனுக்கே அப்படி. ஆகவே ஒரு ராத்திரித் தோல்வியை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். மாதக் கணக்கில் தோற்றால் மட்டும் பகடையைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

உங்கள் நண்பர்கள் அந்தப் பலகையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருபவர்கள். அவர்களுடைய வேகம் உங்களுக்கு வேண்டாம். 'ரொம்ப யோசிக்கிறேன்' என்கிறீர்களே, அந்த நேரத்தில் என்னதான் யோசிக்கிறீர்கள்? பெரும்பாலானவர்கள் முதலில் கண்ணில் பட்ட நகர்வையே நாலைந்து தடவை சுற்றிவந்து, கடைசியில் அதையே ஆடிவிடுகிறார்கள். நேரம் போனதுதான் மிச்சம்.

நானும் உங்கள் ஊரில்தான் இந்த ஆட்டத்தைக் கற்றேன். ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். மேல் மாடியில் ஈரானின் ஷிராஸிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். அவர் பேசுவதில் பாதிதான் எனக்குப் புரியும். பலகைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணம் பிஸ்தா. பகடை நின்றதும் நான் காயில் கை வைத்தால் புறங்கையில் ஒரு தட்டு விழும். ஒரு பிஸ்தாவை எடுத்து, உடைத்து, தின்றுவிட்டுத்தான் காயைத் தொடலாம். பிஸ்தா உடையும் நேரம் போதும், இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடலாம். ஒன்று: எதிராளி போன வீச்சில் என்ன செய்தார், அடுத்த வீச்சில் என்ன செய்யப் பார்க்கிறார்? இரண்டு: நான் நினைப்பதைத் தவிர வேறு எப்படி ஆடலாம்?

முதல் கேள்விக்கு ஓர் உதாரணம். ஆட்டம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, உங்களுக்கு இரட்டை ஐந்து விழுகிறது. எதிராளி தன் பின்காய் இரண்டையும் (அவருடைய 24-இல், அதாவது உங்கள் 1-இல் நிற்பவை) அசைக்காமல் வைத்திருந்தால், 13-இலிருந்து இரண்டு காயை 3-ஆம் வீட்டுக்கு இறக்குவது சரியான ஆட்டம். ஆனால் அவர் அந்த இரண்டில் ஒன்றைக் கிளப்பி உங்கள் 5-ஆம் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் கதையே வேறு. இப்போது உங்கள் 1-இல் ஒற்றைக் காய், 5-இல் ஒற்றைக் காய். 8-இலிருந்து இரண்டு காய் 3-க்கு, 6-இலிருந்து இரண்டு காய் 1-க்கு, அங்கே ஒரு வெட்டு. உங்கள் பக்கம் 6, 3, 1 மூன்றும் மூடிவிட்டன. அவர் ஒரு காயைப் பட்டையில் வைத்துக்கொண்டு, 5-இல் நிற்கும் இன்னொன்றைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். உங்களுக்கு விழுந்தது என்னவோ அதே இரட்டை ஐந்துதான். அவர் போன தடவை என்ன செய்தார் என்று பார்க்காதவர், பழக்கத்தில் 13-இலிருந்து இரண்டை இறக்கிவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது கேள்விக்கு, முதல் வீச்சாக விழும் 6-4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 24-இலிருந்து ஒரு காயை 14 வரை ஓட்டலாம். 24-இலிருந்து 18-க்கு ஒன்று, 13-இலிருந்து 9-க்கு ஒன்று என்று பிரிக்கலாம். 8-இலிருந்தும் 6-இலிருந்தும் எடுத்து 2-ஆம் வீட்டைக் கட்டலாம். மூன்றும் ஏறத்தாழ சமம் என்பது இன்றைய நிரல்களின் தீர்ப்பு. உங்கள் கண்ணில் இதில் எத்தனை பட்டது? ஒன்றுதான் பட்டது என்றால் நீங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை, நகர்த்தினீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஆன்ட்டி, நான் கல்லூரி மாணவி. போனில் ஆடுகிறேன். ஒற்றைக் காயே விடாமல் பத்திரமாக ஆடினாலும் தோல்விதான். பாதி ஆட்டத்தில் என் காயெல்லாம் 6-லும் 8-லும் கோபுரமாக நிற்கிறது. பிறகு நகர இடமில்லாமல் நானே உடைத்துவிட்டு வெட்டு வாங்குகிறேன். என்ன தப்பு?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நோயை நீயே சரியாக எழுதிவிட்டாய். வெட்டுப்படாமல் ஆட முடியாது. எப்போது வெட்டுப்பட்டால் வலி குறைவு என்று பார்த்துத்தான் துணிய வேண்டும். நீ துணிய வேண்டிய நேரத்தில் ஒளிந்துகொள்கிறாய். ஒளிய வேண்டிய நேரத்தில் வேறு வழியில்லாமல் வெளியே வருகிறாய்.

ஆட்டம் தொடங்கும்போது எதிராளியின் கடைசி ஆறு வீட்டில் கட்டியிருப்பது ஒன்றே ஒன்று, அவருடைய 6-ஆம் வீடு. உன் காய் வெட்டுப்பட்டுப் பட்டையில் ஏறினால் உள்ளே வர முடியாமல் போவது இரட்டை ஆறு விழுந்தால் மட்டும்தான், 36-இல் ஒரு வீச்சு. பாதி ஆட்டம் தாண்டி அவர் ஐந்து வீடு கட்டிவிட்டார் என்றால் 36-இல் 25 வீச்சில் நீ வெளியிலேயே நிற்பாய். ஒரே வெட்டுதான், ஆனால் அப்போது அதன் விலை வேறு. அதனால் ஒற்றைக் காயை விடும் தைரியமெல்லாம் முதல் சில வீச்சுகளில் காட்ட வேண்டும்.

இன்னொன்று, காய் எங்கே நிற்கிறது என்பது. பட்டையை 25-ஆம் இடமாக வைத்து, ஒரு வீட்டுத் தூரத்துக்கு ஒரு புள்ளி என்று எண்ணு. 23-இல் நிற்கும் காய் வெட்டுப்பட்டால் நஷ்டம் 2 புள்ளி. 5-இல் நிற்கும் காய் வெட்டுப்பட்டால் 20 புள்ளி, கிட்டத்தட்ட பலகை முழுக்க நடந்தது வீண். உன் போன் இரண்டையும் ஒரே மாதிரி 'ஒற்றைக் காய்' என்று காட்டும். நீதான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணிதப் பேராசிரியராக இருந்து பேக்கமனுக்கு வந்த பால் மேக்ரியல், பத்திரமா துணிச்சலா என்று தீர்மானிக்கப் பார்க்க வேண்டியவற்றை 1970-களிலேயே வரிசைப்படுத்திவிட்டார். எதிராளியின் கடைசி ஆறு வீட்டில் அவர் எவ்வளவு கட்டியிருக்கிறார்? நிறைய என்றால் பத்திரம். உன் பக்கம் நீ நிறையக் கட்டியிருக்கிறாயா? அப்படியானால் துணியலாம், ஏனென்றால் நீ திருப்பி வெட்டினால் அவருக்கு ரொம்ப வலிக்கும். அவர் பக்கத்தில் உனக்குக் கட்டிய வீடு ஒன்று இருக்கிறதா? இருந்தால் எந்த வெட்டு பட்டாலும் போய் நிற்க ஓர் இடம் உண்டு, துணியலாம். அவருடைய காய்கள் உன் பக்கத்தில் எத்தனை சிக்கியிருக்கின்றன? நிறைய என்றால் புள்ளிக் கணக்கில் அவர் பின்தங்கித்தான் இருப்பார், அப்போதும் துணியலாம். இந்த நாலில் முதலாவதை மட்டும் இந்த மாதம் பழகு. நகர்த்துவதற்கு முன்னால் எதிராளி கட்டிய வீடுகளை விரலால் எண்ணு. கண்ணால் எண்ணினால் ஏமாற்றிக்கொள்வாய்.

சும்மா பயப்படுவதற்கும் எண்ணிப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தைப் பார். ஆட்டத் தொடக்கத்தில் 13-இலிருந்து ஒரு காயை 11-க்கு இறக்கி ஒற்றையாக விடுகிறாய். எதிராளியின் பின்காய்கள் உன் 1-இல். தூரம் 10. பத்து வரக்கூடிய வீச்சு 6-4, 4-6, இரட்டை ஐந்து. தாளில் மூன்று. ஆனால் இரட்டை ஐந்து வந்தால் அவர் முதல் அடியிலேயே உன் 6-ஆம் வீட்டில் இறங்க வேண்டும், அது நீ கட்டிய வீடு. ஆகவே பலகையில் இரண்டே இரண்டு. 36-இல் 2-க்குப் பயந்துதான் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறாய்.

போன் திரை எந்தக் காய் எங்கே போகலாம் என்று விளக்குப் போட்டுக் காட்டுகிறதே, அமைப்பில் போய் அதை அணைத்துவிடு. அது காட்டும் இடத்தில்தான் உன் கண் போகும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். நிகழ்தகவு எனக்குப் பாடம், ஆனால் ஆட்ட நடுவில் 36 வீச்சையும் எண்ணிக்கொண்டிருந்தால் எதிரே இருக்கும் பேரன் எழுந்து போய்விடுகிறான். மேசையில் பயன்படும் கணக்கு ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐயா, உங்களுக்குச் சொல்லித்தருவதற்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் மேசையில் நான் வைத்திருப்பது இவ்வளவுதான்.

குறிப்பிட்ட ஓர் எண் இரண்டு பகடையில் ஒன்றிலாவது விழ 11 வீச்சு. அதோடு, இரண்டு பகடையைக் கூட்டியும் இரட்டையாலும் அந்தத் தூரம் வரும் வீச்சுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் தடை இல்லையென்றால் 1 முதல் 6 வரையான தூரத்துக்கு வரும் தொகை 11, 12, 14, 15, 15, 17. ஏழில் திடீரென்று விழுந்துவிடும்: 7-க்கு 6, 8-க்கு 6, 9-க்கு 5, 10-க்கு 3, 11-க்கு 2, 12-க்கு 3. இந்த வரிசையை மனப்பாடம் செய்யக்கூட வேண்டாம். ஒற்றைக் காயை எதிரியிடமிருந்து ஆறுக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள், முடியாவிட்டால் ஒட்டி நிறுத்துங்கள். ஆறு வீடு தள்ளி நிற்பதுதான் மோசம்.

உள்ளே நுழைவதற்கான கணக்கு உங்களுக்குப் பிடிக்கும். எதிராளி மூடிய வீடுகளின் எண்ணிக்கையை வர்க்கப்படுத்துங்கள். 36-இல் அத்தனை வீச்சில் நுழைய முடியாது. இரண்டு மூடினால் 4, மூன்று மூடினால் 9, நாலுக்கு 16, ஐந்துக்கு 25. மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போதுதான் கால்வாசி என்பது பாதிக்குப் பக்கத்தில் வருகிறது. நாலாவது வீட்டைக் கட்ட இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

ஆனால் எல்லா நகர்வுக்கும் எண்ண வேண்டாம். இரண்டு நகர்வில் எது என்று மனம் ஊசலாடும்போது மட்டும் எண்ணினால் போதும். அப்போதும் 'எத்தனை வீச்சில் வெட்டுவான்' என்று கேட்பதைவிட 'எத்தனை வீச்சு அவனுக்குப் பிடிக்கும்' என்று கேளுங்கள். வெட்ட முடியாவிட்டாலும் நல்ல வீடு ஒன்று கட்டிவிடும் வீச்சும் அவனுக்கு நல்ல வீச்சுதான். பேரனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து எண்ணச் சொன்னால் எழுந்து போக மாட்டான்.

கேள்வி: என் மனைவி வெட்டக் கிடைத்ததையெல்லாம் வெட்டுகிறார். 'சந்தேகமா? வெட்டு' என்பது ஆட்டத்தில் பழைய பாடம் என்கிறார். உண்மையா? (நான் கேட்டதாகப் போட வேண்டாம்.)
– ஒரு வாசகர், மஸ்கட்

பதில்: ஊர் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன், பத்திரமாக இருங்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சரி. வெட்டினால் எதிராளிக்குப் புள்ளி நஷ்டம் என்பது வெளியே தெரியும் லாபம். அதைவிடப் பெரியது, அடுத்த வீச்சில் ஒரு பகடையை அவர் உள்ளே நுழைவதற்கே செலவழிக்க வேண்டும். இரண்டு பகடையையும் வைத்துக்கொண்டு அவர் செய்ய நினைத்த காரியம் கெட்டுப்போகிறது.

ஆகவே வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது: அவருக்கு ஏதாவது நல்ல திட்டம் இருக்கிறதா? உங்கள் 5-ஆம் வீட்டில் ஒற்றையாக வந்து நிற்கிறார், அடுத்த வீச்சில் அங்கே இன்னொன்றைச் சேர்த்து உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் முழுக்க அவரை அசைக்க முடியாது. அப்போது கொஞ்சம் அபாயம் இருந்தாலும் வெட்ட வேண்டும். அவருக்கு எந்த அவசரமும் இல்லை, அவர் பக்கம் ஐந்து வீடு கட்டியிருக்கிறது, உங்கள் வெட்டும் காய் ஒற்றையாக அவர் வாயில் நிற்கப்போகிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நீங்கள் கடிதத்தில் எழுதிய அந்த ஆட்டத்தில் எதிராளி, அதாவது நீங்கள், கட்டியிருந்தது இரண்டு வீடு. உங்கள் மனைவி வெட்டியது சரி.

கேள்வி: ஆடி முடித்ததும் குனு பேக்கமன் நிரலில் போட்டுப் பார்க்கிறேன். தப்பை எல்லாம் காட்டுகிறது, சரியான நகர்வையும் காட்டுகிறது. 'ஓ, அப்படியா' என்று அடுத்ததற்குப் போகிறேன். ஒரு வருஷமாகியும் முன்னேற்றம் இல்லை.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: 'ஓ, அப்படியா'தான் பிரச்சினை. விடையைப் பார்த்தவுடன் அது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுபோல மனம் பாசாங்கு செய்யும்.

பெரிய தப்பு என்று நிரல் இரட்டைக் கேள்விக்குறி போட்ட நகர்வுகளை மட்டும் எடுங்கள், மற்றதை விட்டுத்தள்ளுங்கள். சின்னச் சின்ன வித்தியாசங்களைத் துரத்துவது உங்கள் மட்டத்திலும் என் மட்டத்திலும் நேர விரயம். எடுத்த ஒவ்வொன்றிலும் முதலில் ஒன்று கேளுங்கள்: நிரல் சொல்லும் நகர்வு ஆடும்போது என் கண்ணில் பட்டதா? படவில்லை என்றால் உங்களுக்குக் குறை தேடுவதில். பட்டது, ஆனால் வேண்டாம் என்று தள்ளினேன் என்றால் குறை எடைபோடுவதில். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு, பகடையின் பெரிய எண்ணை ஒவ்வொரு காயிலும் வைத்துப் பார்த்து, பிறகு சின்ன எண்ணைப் பார்க்கும் ஒழுங்கைப் பழக வேண்டும். சலிப்பான வேலைதான். இரண்டாவதற்கு, தள்ளிய காரணத்தை விடை பார்ப்பதற்கு முன்பே ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும். 'வெட்டுப்படுமோ என்று பயம்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், மேலே கோவைப் பெண்ணுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அதற்குப் பிறகு நான் செய்வது ஒன்று உண்டு, இதில்தான் அதிகம் கற்றேன் என்று சொல்வேன். நிலையைத் திரையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு காயை ஒரு வீடு தள்ளி வைத்து நிரலைத் திரும்பக் கேட்கிறேன். விடை மாறவில்லையா? இன்னொரு காயை மாற்று. எதிராளியின் கட்டிய வீடு ஒன்றைக் கலைத்துப் பார். எங்கேயோ ஓர் இடத்தில் விடை திரும்பும். எது திரும்ப வைத்ததோ, அதுதான் அந்த நகர்வுக்குக் காரணம். நிரல் காரணம் சொல்லாது, வெறும் எண்ணைத்தான் சொல்லும். காரணத்தை இப்படிக் கறக்க வேண்டியிருக்கிறது.

பெரிய ஆட்டக்காரர்களும் இப்படிக் கற்றவர்கள்தான். 1990-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டி.டி.-கேமன் என்ற நிரல், தன்னோடு தானே ஆடி ஆடிக் கற்றது. முதல் வீச்சாக 4-1 விழுந்தால் 6-இலிருந்து ஒரு காயை 5-க்கு இறக்கி, அடுத்த வீச்சில் மூடிக்கொள்ளலாம் என்று துணிவதுதான் அதுவரை பரவலான வழக்கம். அங்கே 36-இல் 15 வீச்சில் வெட்டு. நிரலோ 24-இலிருந்து 23-க்கு ஒரு காயைப் பிரித்து, 13-இலிருந்து 9-க்கு ஒன்றை இறக்கியது. ஆராய்ந்து பார்த்தவர்கள் வழக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். 4-1, 5-1 இரண்டிலும் 5-ஆம் வீட்டில் துணிவதை இன்று மேல்மட்டப் போட்டிகளில் பார்ப்பது அரிது. 2-1-இல் மட்டும் அந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அங்கே இரண்டு வழியும் ஏறத்தாழ சமம்.

கேள்வி: ஆட்டத்தின் நடுவில் எதிராளி 'இரட்டிப்பா?' என்று கேட்கும் பெட்டி செயலியில் வருகிறது. பயந்து எப்போதும் மறுத்துவிடுகிறேன். சரிதானா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அது இரட்டிப்புக் கட்டை. 1920-களில் நியூயார்க்கில் சேர்ந்துகொண்டது. மேற்காசியத் தேநீர்க் கடைகளில் பெரும்பாலும் அது இல்லாமலே ஆடுவார்கள். ஏற்றுக்கொண்டால் பந்தயம் இரண்டு மடங்கு, மறுத்தால் அப்போதே ஒரு புள்ளி தோல்வி.

எப்போதும் மறுப்பது சரியில்லை. ஒரே மாதிரி நாலு ஆட்டத்தில் இரட்டிப்புக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலையும் மறுத்தால் 4 புள்ளி நஷ்டம். நாலையும் ஏற்றுக்கொண்டு மூன்றில் தோற்றால் 6 போகும், ஒன்றில் ஜெயித்தால் 2 வரும். நிகர நஷ்டம் அதே 4. ஆக, நாலில் ஒரு ஆட்டத்துக்கு மேல் ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது என்று பட்டால் ஏற்க வேண்டும். ஒரு காயும் வெளியே எடுக்க முடியாமல் இரட்டைத் தோல்வி வாங்கும் அபாயம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள். 'நான் பின்தங்கியிருக்கிறேன்' என்பது மறுக்கக் காரணம் ஆகாது. முன்னால் இருப்பவர்தானே இரட்டிப்புக் கேட்பார்!

காய்கள் ஒன்றையொன்று தாண்டிப் போய் வெறும் ஓட்டமாகிவிட்டால் இன்னும் சுலபம். பந்தயப் புள்ளியை விடுங்கள், எல்லாக் காயும் வெளியேற இருவருக்கும் மீதமுள்ள தூரத்தை வீட்டுக்கு ஒரு புள்ளியாக எண்ணுங்கள். தொடக்கத்தில் ஆளுக்கு 167, ஒரு வீச்சின் சராசரி 8-க்குச் சற்று மேல். அவருக்கு 100 பாக்கி, உங்களுக்கு 112 வரை பாக்கி என்றால் ஏற்கலாம். அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். நீங்களே முன்னால் இருந்து உங்களுக்கு 100, அவருக்கு 108 என்றால் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: பேக்கமன் நம் தாயம்தானே? இங்கிருந்து போனதா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பழைய பாரசீக நூல் ஒன்றில் ஒரு கதை இருக்கிறது. இந்திய அரசர் சதுரங்கத்தை அனுப்பி 'இதன் விதியைக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம்' என்று சவால் விட, பாரசீக அமைச்சர் அதைக் கண்டுபிடித்ததோடு பதிலுக்கு நர்து என்ற இந்த ஆட்டத்தை உண்டாக்கி அனுப்பினாராம். 15 வெள்ளைக் காய் பகல்கள், 15 கறுப்புக் காய் இரவுகள் என்று விளக்கம் வேறு. நம்மிடமிருந்து போனதாக அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை, நமக்குப் பதிலடியாக வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கதை கதைதான்.

ஆடுபவருக்கு முக்கியமானது வேறு. தாயத்தில் வெட்ட முடியாத கட்டம் பலகையிலேயே குறுக்குக் கோடு போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும், போய் ஏறி உட்கார்ந்தால் போதும். பேக்கமனில் அப்படி இடமே கிடையாது, இரண்டு காயைச் சேர்த்து நீங்களே உண்டாக்க வேண்டும். தாயம் ஆடிப் பழகியவர்கள் ஒரு காயை மட்டும் பிடித்துக்கொண்டு பழம் எடுக்க ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி ஓடினால் பின்னால் நிற்கும் மற்ற காய்கள் அநாதையாகிவிடும்.

கேள்வி: போட்டியில் காயை நகர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாமா? தொட்டால் ஆடியே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: வைக்கலாம். பகடையைக் கையில் எடுக்கும் வரை உங்கள் முறை முடியவில்லை. ஆனால் மூன்று நகர்வை வைத்து வைத்துப் பார்த்தால் பழைய நிலை எது என்பதே மறந்துபோய் எதிராளியோடு வாக்குவாதம் வரும். மனதுக்குள் நகர்த்திப் பாருங்கள், கடைசியாகத் தேர்ந்ததை மட்டும் பலகையில் வைத்து, எதிராளியின் நாற்காலியிலிருந்து பார்ப்பதுபோல ஒரு தடவை பாருங்கள். இப்போது பகடை உங்கள் கையில் இருந்தால் என்ன விழ வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள்? அந்த ஆசைப் பட்டியல் நீளமாக இருந்தால் காயைத் திரும்ப வையுங்கள்.

கேள்வி: 10 வயது மகனுக்குச் சொல்லித்தர ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: கடைசியிலிருந்து. முழுப் பலகையையும் அடுக்கி விதியெல்லாம் சொன்னால் பையன் கொட்டாவி விடுவான். இரண்டு காய் மட்டும் கொடுங்கள். ஒரே வீச்சில் இரண்டையும் வெளியே எடுக்க வேண்டும். எந்த இரண்டு வீட்டில் வைத்துக்கொள்கிறாய் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: 6-லும் 1-லுமா, 5-லும் 2-லுமா, 4-லும் 3-லுமா? மூன்றிலும் கூட்டினால் ஏழு புள்ளிதான்.

பெரியவர்களே 4-3 என்பார்கள், பார்ப்பதற்குச் சமமாக இருக்கிறதே என்று. நீங்கள் விடை சொல்லாதீர்கள். ஆறுக்கு ஆறு கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வீச்சுக்கும் டிக்கோ பெருக்கல் குறியோ போடச் சொல்லுங்கள். இரட்டை விழுந்தால் நாலு தடவை நகர்த்தலாம் என்பதையும், வீட்டு எண்ணைவிடப் பெரிய எண் விழுந்தாலும் காயை எடுக்கலாம் என்பதையும் அப்போது சொன்னால் போதும். இரட்டை இரண்டில் கண்டிப்பாகத் தடுமாறுவான், காயை நகர்த்திப் பார்க்க விடுங்கள். 5-2-க்கு 19 டிக் வர வேண்டும், 4-3-க்கு 17, 6-1-க்கு 15. அவனுக்கு வேறு ஏதாவது வந்தால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். எந்தக் கட்டத்தில் தவறியது என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.